எட்டு பிட் கறுப்பு

ஜூன் 5, திங்கள்

சர்வர் நிரம்பி வழிகிறது. புது ஸ்கேன் மெஷின் வந்ததிலிருந்தே இந்தக் கூத்துதான். காலையில் நிர்வாகி கோமதிநாயகம் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே பெரிய வேலை ஒன்று தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

"லீதியா, புது சர்வர் இந்த வருஷம் கிடையாது. பழைய படத்தையெல்லாம் சுருக்கிருவோம். உங்களால முடியும்லா?"

"முடியும் சார். டாக்டர் பாத்து சரின்னு சொல்லணும்."

"மீரான் டாக்டர்ட்ட நான் பேசுதேன். நீங்க ஆரம்பிங்க. தெனமும் என்ன முடிஞ்சுதுன்னு ஒரு குறிப்பு எழுதி வைங்க."

அவருக்கான குறிப்பு கம்ப்யூட்டரில் இருக்கும். இந்த டைரி எனக்கு. இவர், என் வீட்டுக்காரர், வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குக் கொடுத்தது. ஆறு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. ஒரு பொருளைச் சும்மா போட்டு வைத்திருந்தால் எனக்குக் கை அரிக்கும். ஒன்று பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் தூக்கி எறிய வேண்டும்.

இவர் அதற்கு நேர் எதிர். விளையாட்டு ஆசிரியர் என்று பேர். வீட்டுப் பரணில் காற்றுப் போன வாலிபால் மட்டும் ஒரு மூட்டை தேறும். கேட்டால், "கெடந்துட்டுப் போகட்டும்ட்டி, ஒன்ன சோறா கேக்கு?" என்பார்.

ஜூன் 9, வெள்ளி

நான் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது படம் எடுக்கிற வேலை. இப்போது எடுத்த படங்களைக் காக்கிற வேலை. சுருக்குகிற வேலை இதுவே முதல் தடவை என்பதால் நிறையப் படித்தேன்.

ஸ்கேன் மெஷின் சாம்பல் நிறத்தில் நாலாயிரம் படிகள் வரை பிரித்துப் பார்க்கும். நம் கண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை. எட்டு பிட்டுக்குக் குறைத்தால் இருநூற்றுச் சொச்சம் படிகள்தான். ஆனால் அந்த இருநூற்றுச் சொச்சத்தை எந்த உறுப்புக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் ஒரு சின்ன எல்லைக்குள் அடங்கும். அந்த எல்லைக்குக் கீழே இருப்பது எல்லாம் ஒரே கறுப்பு. மேலே இருப்பது எல்லாம் ஒரே வெள்ளை. ஒருமுறை குறைத்துவிட்டால் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மறுபடி எதையும் எடுக்க முடியாது.

தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். மார்புப் படத்துக்கு மட்டும் இரண்டு பிரதி: நுரையீரலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. வயிற்றுக்கு ஒன்று போதும். காற்றுதான் கறுப்பாகும்; வயிற்றுப் படத்தில் காற்றை யார் பார்க்கப்போகிறார்கள்?

இட்லி மாவு இன்று பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது.

ஜூன் 16, வெள்ளி

ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற மீரான் டாக்டருக்குப் பரீட்சை வைத்தேன். நாற்பது படங்கள்; ஒவ்வொன்றுக்கும் பழைய பிரதியும் சுருக்கிய பிரதியும் பக்கத்துப் பக்கத்துத் திரையில். எது எது என்று சொல்லவில்லை. ஈரலைப் பார்த்தார், கணையத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னார்.

"நல்லா வேல செஞ்சிருக்கீங்க லீதியா. எனக்கே தெரியல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

ஜூன் 28, புதன்

2019ஆம் வருடப் படங்களைச் சுருக்கி முடிந்தது. பழைய இடத்தில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டையே ஒதுங்கவைத்த மாதிரி உடம்பு லேசாக இருக்கிறது.

கோமதிநாயகம் சார், "ஒரிஜினல் ஒரு மாசம் கெடக்கட்டுமே, எதுக்கும்" என்றார். டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு எதற்குக் கிடக்க வேண்டும்? கிடந்தால் இடம் எப்படி மிச்சமாகும்? அழித்துவிட்டு, அந்த டிஸ்கில் புதுப் படங்களை ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

இவருக்குப் போன வாரம் வந்த காய்ச்சல் விட்டும் இருமல் நிற்கவில்லை. மைதானத்தில் புழுதி. கசாயம் போட்டுக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்.

ஜூலை 6, வியாழன்

2020 முடிந்தது. இவருக்கு எக்ஸ்ரே எடுத்தோம், சும்மா. வலது பக்கம் அடியில் லேசாக ஏதோ நிழல். சளிதான். மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகள் ஜெனிஷாவுக்குப் பிளஸ் டூ தொடங்கி இரண்டு டியூஷன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருவதும் இவர்தான்.

ஜூலை 20, வியாழன்

மருந்து முடிந்தது, நிழல் போகவில்லை. இன்று ஸ்கேன் எடுத்தோம். மெஷினுக்குள் போகும்போதும் இவருக்குக் கிண்டல்தான். "என்னட்டி, நானும் ஒன் சர்வருக்குள்ள போறேனா?" என்றார். வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரையில் அது வந்தபோது எல்லாருக்கும் முன்னால் பார்த்தது நான்தான். வலது நுரையீரலின் அடியில், முதுகுப் பக்கமாக, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு மங்கல். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது.

மாலையில் மீரான் டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்.

"மருந்து குடுத்தும் கரையல. அப்ப சளி இல்ல. சாருக்குச் சின்ன வயசுல டிபி வந்திருக்குல்லா?"

"ஆமா டாக்டர். ஆறாவது படிக்கும்போது. மருந்து சாப்பிட்டு நல்லாயிட்டு."

"அப்ப அந்தத் தழும்பாவும் இருக்கலாம். இல்லன்னா..." அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மகிட்டத்தான சாருக்குக் கிட்னிக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தோம்? நாலு வருஷம் இருக்குமா? வயித்துப் படம்னாலும் மேல நுரையீரல் அடிப்பாகம் கொஞ்சம் விழும். அப்பவும் இது இதே மாதிரி இருந்துதுன்னா பழைய தழும்பு. கவலையே பட வேண்டாம், விட்டுரலாம். அந்தப் படத்த எடுங்க."

நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜெனிஷாவை டியூஷனுக்குக் கூட்டிப்போக நேரமாகிவிட்டது என்று பொய்க் காரணம் சொன்னேன்.

ஜூலை 21, வெள்ளி

காலையில் தக்காளி சாதம். ஜெனிஷா டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவர் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். நாளைக்கு வரமாட்டார்.

பொன்சிங், ஆண், 44, வயிறு, நவம்பர் 2019. இவருடைய படத்தைத் திறந்தேன். மேல் அடுக்குகளில் ஈரலின் உச்சி அழகாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் நுரையீரல் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். கறுப்பு அப்படியே சாம்பலாக மாறியது, ஒரே சாம்பல். உள்ளே ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

ஜூலை 22, சனி

மீரான் டாக்டரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கெட்டியான கட்டியா இருந்தா இந்தக் கறுப்புலகூட வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும். இது புகை மாதிரி, பாதி காத்து. இருந்திருந்தாலும் தெரியாது, இல்லாட்டாலும் தெரியாது." பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒரிஜினல்?"

நான் தலையாட்டினேன். இல்லை என்கிற தலையாட்டல்.

"அப்ப எழுதின ரிப்போர்ட்?"

"பாத்தேன் டாக்டர். கல்லு, சிறுநீரகம், குழாய். நுரையீரல் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"நானும்தானே கையெழுத்துப் போட்டேன் லீதியா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாராம். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. நாற்பது படம் பார்த்தீர்களே, ஒரு தடவையாவது மேலே உருட்டிப் பார்க்கக் கூடாதா? கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் பார்க்கவில்லை என்று அவரும் கேட்கலாம்.

இவரிடம் என்ன சொல்வது? பழைய படத்தைத் தேடுகிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். "அதுல நுரையீரல் சரியா விழல" என்றேன்.

"என் தப்புதான்ட்டி. மூச்சப் பிடின்னு சொன்னாவ, வலியில நான் விட்டிருப்பேன். சொன்னபடி கேட்டிருந்தா இன்னைக்கு ஒதவியிருக்கும்."

குழம்பு அடிப்பிடித்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 24, திங்கள்

2021. வயிற்றுக்கும் இனி இரண்டு பிரதி. ஒரிஜினல் அழிப்பதை நிறுத்திவிட்டேன். கோமதிநாயகம் சார் காரணம் கேட்டார். டாக்டர் சொன்னார் என்றேன். 2019, 2020 பற்றி அவர் கேட்கவில்லை.

ஜூலை 29, சனி

மதுரையிலிருந்து வருகிற நெஞ்சு சர்ஜனிடம் காட்டினோம். ஊசி போட்டுச் சதை எடுக்க அந்த இடம் வசதிப்படாதாம். மங்கலாக இருப்பதால் எடுத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிடலாம், அல்லது மூன்று மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

"பழைய படம் ஒண்ணு இருந்திருந்தா நான் இன்னைக்கே முடிவு சொல்லியிருப்பேன்" என்றார். மீரான் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் யோசிக்கவே இல்லை. "மூணு மாசம் பொறுப்போம் சார். செப்டம்பர்ல ஸ்போர்ட்ஸ் இருக்கு. பீடி சிகரெட்டத் தொட்டவன் இல்ல நான். பழைய டிபியாத்தான் இருக்கும்."

வரும் வழியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டைக்கு அடியில், வலது பக்கம், எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நான் கேட்டது இதுதான்: ஆண்டவரே, அந்தப் புள்ளி நாலு வருடத்துக்கு முன்பே அவர் நெஞ்சில் இருந்திருக்கட்டும். புருஷனுக்கு வியாதி இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிற பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேஷ்டியை இறுக்கிக் கட்டுகிறார். எடை பார்க்கச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். துணியெல்லாம் காய்ந்து மழை வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

எழுதிவிட வேண்டும்.

இவருடைய அக்கா செல்லக்கனி மைனியைப் பார்க்க நாசரேத்துக்குத் தனியாகப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போய், இப்படி இப்படி என்று சொல்லிவிட்டு வரலாம் என்று. தம்பிக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்பதையே நாங்கள் மைனிக்குச் சொல்லியிருக்கவில்லை.

முன்னறைச் சுவரில் ஒரு தொங்கல். நீலமும் மஞ்சளுமாய்க் கம்பளி நூல் சுற்றிய வட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஓரம் முழுக்கக் கண்ணாடித் துண்டும் பாசிமணியும்.

"அழகா இருக்கு மைனி."

"நீ குடுத்ததுதான! பொங்கலுக்கு வீட்ட ஒதுங்கவைக்கும்போது ஒரு பை நெறைய சீடி அள்ளித் தந்தியே. வீணாப் போடாண்டாம்னு நூலச் சுத்தி வச்சேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு எடுத்து வச்சிருக்கேன்."

ஸ்கேன் எடுத்தால் ஒரு சீடி கொடுப்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். நோயாளி ஒருவர்கூட அதைப் போட்டுப் பார்த்ததில்லை. நவம்பர் 2019ல் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. சுருக்காத படம், முழுசாக. அதைத்தான் பழைய பாட்டு சீடிகளோடு சேர்த்து நானே அள்ளிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றரை மாதமாக மூளை அந்தப் பக்கமே போகவில்லை.

"மைனி, இது எனக்கு வேணும்."

"ஏலத்துல எடு. கோயிலுக்குப் போய்ச் சேரும்."

"இல்ல மைனி. பிரிக்கணும்."

மைனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு வாரம் கண் வலிக்கச் சுற்றியதைப் பிரிக்கணும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "ஒனக்கு எதையும் கையில வச்சிருக்கத் தெரியாது லீதியா. குடுத்தத இப்பிடித் திரும்பக் கேக்கவும் கூடாது" என்றார்.

அப்புறம் நான் சொன்னேன். மங்கல், தழும்பு, மூன்று மாதம், எல்லாம். பழைய படம் ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். இவரிடம் சொல்லாததை மைனியிடம் சொல்லிவிட்டேன். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

மைனி எழுந்துபோய்த் தையல் கத்தரியைக் கொண்டுவந்தார். தொங்கலைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவரே நூலை வெட்டினார். முதல் வட்டம் சினிமாப் பாட்டு. இரண்டாவது ஞாயிறு பள்ளிப் பாட்டு. ஐந்தாவதில் எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு, பாதி கிழிந்து. "பொன்சி" வரை தெரிந்தது.

ஓரத்துக் கண்ணாடிகளைப் பிய்க்கும்போது வெள்ளித் தோல் அங்கங்கே உரிந்துகொண்டு வந்தது. பதறாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சீடியில் பதிவு உள் வட்டத்திலிருந்துதான் தொடங்கும். ஒரு வயிற்றுப் படம் பாதி வட்டத்தைக்கூட நிரப்பாது. உள்ளே தோல் முழுசாக இருக்கிறது. நூல் சுற்றியிருந்ததால் வெயிலும் படவில்லை.

"தெரியுமாட்டி?" என்றார் மைனி.

"திங்கக்கிழம தெரியும்."

"எம் தம்பிக்கு அது பழசாத்தான் இருக்கும் பாரு" என்று சொல்லி, சீடியை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் 4, திங்கள்

சீடியை டிரைவ் படித்தது. படம் தெளிவாக இருக்கிறது.

மாலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் வாங்கி மாட்டினோம். ஜெனிஷாவின் யூனிஃபார்மில் மை கொட்டியிருக்கிறது, எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் இவருக்கு ஒரு பேனாவும் ரோஜாப்பூ ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். பூவை என்னிடம் கொடுத்தார், நான் டம்ளரில் வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பூரி கேட்டார், போட்டுக் கொடுத்தேன். ஆறு சாப்பிட்டார்.

மைனி போன் பண்ணினார். "என்ன ஆச்சு?"

"படிக்கல மைனி. தோல் உரிஞ்சுட்டுல்லா."

"ஐயோ, என் பாசியால" என்றார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

என்ன மனுஷி நான்?

திங்கட்கிழமை நடந்ததை எழுதுகிறேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சீடியைப் போட்டேன். டிரைவ் வெகுநேரம் முனகியது. பிறகு முதல் அடுக்கு வந்தது. நாலாயிரம் படியும் அப்படியே. நுரையீரலுக்கு மாற்றினேன், கறுப்பு திறந்துகொண்டது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக, ஓரம் வரைக்கும். வலது பக்கம், முதுகுப் பக்கம், அந்த இடத்துக்கு வந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு அடுக்கு மேலே போனேன், ஒன்றும் இல்லை. கீழே வந்தேன். சுத்தமாக இருக்கிறது. வேறு எந்த நாளிலும் அதைப் பார்த்திருந்தால், எவ்வளவு நல்ல நுரையீரல் என்று சொல்லியிருப்பேன்.

அப்படியானால் அது தழும்பு இல்லை. டிபி இல்லை. நாலு வருடத்துக்குள் புதிதாக வந்தது, மருந்துக்குக் கரையாதது.

எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் எழுதுகிறேன். நான் சுருக்கிய படத்தில் இருந்த கறுப்பே நன்றாக இருந்தது. அந்தக் கறுப்புக்குள் தழும்பு இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் ஓட்டினேன். இதில் நினைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. சீடியை உடைத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அக்டோபர் வரைக்கும் பூரி சுடலாம், ரோஜாப்பூவைத் தண்ணீரில் வைக்கலாம். நான் ஒன்றை அழித்ததும் அவருக்குத் தெரியவே வேண்டாம்.

இரண்டு நாள் அதைத்தான் செய்தேன். இவருடைய உயிரை வைத்துக்கொண்டு, எனக்குச் சௌகரியமாக.

செப்டம்பர் 7, வியாழன்

மீரான் டாக்டரிடம் சீடியைக் கொடுத்தேன். பார்த்தார். "இன்னைக்கே சார்ட்ட சொல்லிருங்க. நான் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மைதானத்தில் இவர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளி ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளை. என்னை அங்கே பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. வேலை நேரத்தில் நான் ஒருநாளும் அங்கே போனதில்லை.

"பழைய படம் கெடச்சுட்டு" என்றேன்.

"சரியா விழலன்னியே?"

"விழுந்திருக்கு. அப்ப அது அங்கன இல்ல. புதுசா வந்தது."

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன்."

இவர் சுண்ணாம்பு வண்டியை நிறுத்தினார். "நீ பாத்தியா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, புழுதியில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கியது நான், அழித்தது நான், ஒரு மாதம் கிடக்கட்டும் என்று சொன்னவரை மீறி அழித்தேன், உங்களிடம் பொய் சொன்னேன், திங்கட்கிழமையே தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நான் மூச்ச ஒழுங்காத்தான் பிடிச்சிருக்கேன்" என்றார்.

"ஆமா."

"அத மட்டுமாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ட்டி."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுண்ணாம்பு வண்டியை இன்னொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

செப்டம்பர் 11, திங்கள்

புதன்கிழமை ஆப்பரேஷன். அதற்கு முன் எடுத்த ஸ்கேனில் மங்கல் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, நடுவில் கெட்டிப்பட்டும் இருக்கிறது. ஜூலையில் அப்படி இல்லை.

மைனி வந்துவிட்டார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஜெனிஷா என்னிடம் பேசுவதில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாம்பார் வைத்தேன், உப்புப் போட மறந்தேன், எல்லாரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 13, புதன்

காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்த பிறகு இவர் என் கையைப் பிடித்தார். ஜெபம் பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"லீதியா, எனக்கு நூல் சுத்தி வைக்க ஒரு அக்கா இருந்தா. அந்த ரெண்டு வருஷத்துப் படத்துல மத்தவங்க எத்தன பேரு?"

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே நாற்காலியில் மைனியும் ஜெனிஷாவும் இருந்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கீழே என் அறைக்கு வந்து 2019 வயிற்றுப் படங்களைத் திறந்தேன். பெயர், வயது, போன் நம்பர். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் பெயரிலிருந்து தொடங்கினேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுதேன். அப்ப ஸ்கேன் எடுத்ததுக்கு ஒரு சீடி தந்தோம்லா, அது வீட்டுல இருக்கா பாருங்க. இருந்தா தூரப் போட்டுராதிய."

சிலர் நம்பர் மாறியிருந்தது. ஒருவர் பணம் பிடுங்குகிற போன் என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். ஒரு அம்மா பீரோவைத் திறந்து தேடிவிட்டு, இருக்கிறது என்றார். பத்திரமாக வைக்கச் சொன்னேன். வேறு ஒருவர் கேட்டார், "ஏன், ஒங்கட்ட இல்லையா?"

"இல்ல" என்றேன்.

"ஆஸ்பத்திரிதானம்மா பத்திரமா வச்சிருக்கும்? அத நம்பித்தான நான் அன்னைக்கே அதத் தூக்கிப் போட்டேன்" என்றார்.

அவருடைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஈரலின் உச்சி அழகாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் கறுப்பு. "அண்ணாச்சி, இருமல் கிருமல் எதுவும் இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். மேலேயிருந்து ஜெனிஷா ஓடிவந்து, டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள்.